பத்து மடங்கு விலையும் ரமீஸின் தீர்ப்பும்

ரமீஸ் இறந்த செய்தி வந்தபோது அவனுடைய மணிக்கூடு என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது அவன் கையில். காலை எட்டு மணி. பட்டறையில் படகு இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். மூதூரிலிருந்து அவன் தம்பி அழைத்தான். "ரமீஸ் நானா மௌத்தாகிட்டார். நெஞ்சுவலி." முப்பத்திரண்டு வயது. எனக்கும் அதே வயதுதான்.

துறைமுகப் பக்கம் வேலை செய்யும் உங்களில் பலருக்கு எங்கள் சண்டை தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரமீஸும் நானும் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள். இருவரிடமும் உருக்கால் செய்த 'ஸ்போர்ட்ஸ்' கைமணிக்கூடுகள் இருந்தன. உடலும் பட்டியும் ஒரே உருவாகத் தொடரும் வகை. பட்டி பிடிக்கவில்லையென்று வேறு வார் மாட்ட முடியாது. என்னுடையதன் விலைக்கு அவனுடையதைப் போலப் பத்து வாங்கலாம். அதை நான் நாளுக்கு மூன்று தடவை சொல்வேன்.

சொல்லக் காரணம் இருந்தது! என்னுடையதன் ஓரச் சரிவு கண்ணாடிபோல மின்னும். பக்கத்திலேயே நேர்கோடாகத் தேய்த்த மங்கல் பரப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தாலும் பிசிறில்லை. பட்டியின் கண்ணிகள் திருகாணியால் பூட்டியவை. அவனுடையதில் வெறும் ஊசிகள். முதல் கண்ணி சரியாக மடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், கைமயிரையும் பிடுங்கும்.

"ஓம் மச்சான், பிடுங்குதுதான்," என்பான் ரமீஸ். "கைய வழிச்சிட்டா உன்ர பத்து மடங்கு எங்க போகும்?"

ஒருமுறை என் மணிக்கூடு நாளுக்கு நான்கு நிமிடம் முந்தத் தொடங்கியது. கொதித்துப்போய், தயாரித்தவர்களுக்கு மின்னஞ்சலில் வசை எழுதிக்கொண்டிருந்தேன். ரமீஸ் ஒரு படகுத் திசைகாட்டியை மேசையில் வைத்து, என் மணிக்கூட்டை அதன் பக்கம் நகர்த்தினான். முள் துள்ளித் திரும்பியது.

"நிப்பாட்டடா கடிதத்த. உன்ர மணிக்கூடு திசைகாட்டிக்கே வடக்க மறக்கச் சொல்லுது."

நாள் முழுக்க அளவுமானியைத் தாங்கும் காந்தக் காலைப் பிடித்து வேலை செய்பவன் நான். மணிக்கூட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய சுருளைக் காந்தமாக்கி முந்த வைத்ததும் நானே. பொறியியல் படித்தவன் செய்யும் பிழையா இது? பட்டறையே சிரித்தது. காந்தம் நீக்கும் கருவியில் வைத்து ரமீஸ் ஒரே நிமிடத்தில் சரிசெய்து தந்தான்.

அன்றுதான் பந்தயம் வைத்தோம். ஒரு மாதம் மாற்றிக் கட்டுவது; முடிவில் எது திறம், எது மட்டம் என்று தேநீர்க்கடையில் எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்வது.

இரண்டாம் வாரத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. எண்ணெய்க் கையோடு கட்டினேன், கடலில் குளித்தேன், இரும்பேணியில் இடித்தேன். ஒருமுறைகூட மணிக்கூட்டை நினைத்துக் கவலைப்படவில்லை. என்னுடையதைக் கட்டிய நாட்களில் கையைக் காவல் காப்பதே வேலையாக இருந்தது. அவனுடையதுதான் திறம்.

"முகத்தில எழுதியிருக்கு மச்சான், வாயால சொல்லு," என்றான் ரமீஸ். மாதம் முடியட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். மூன்றாம் வாரம் அவன் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து அவனுடையதைத் திருப்பிக் கொடுக்க மூதூருக்குப் போனேன். தம்பி என்னுடையதை எடுத்து வந்து நீட்டினான்.

"பந்தயத்தில ஆரண்ணே வெண்டது?"

"முடியல்லையே."

"நானா எங்களுக்குச் சொல்லிட்டார். உங்கடதுதான் திறமாம். கையில தண்ணி மாதிரிக் கிடக்குதாம். மாசம் முடியுமட்டும் உங்களுக்குச் சொல்லவேணாமெண்டவர். தலைகால் தெரியாம ஆடுவீங்களாம்."

மரணவீட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவன் தம்பியும் சிரித்தான். பிறகு மணிக்கூடுகளை மாற்றிக்கொண்டோம்.

எல்லோர் முன்னும் சொல்வதாக ஒப்புக்கொண்டவன் நான், இங்கே சொல்கிறேன். ரமீஸின் மணிக்கூடுதான் திறம். ரமீஸின் தீர்ப்பு முழுப் பிழை. அவன் உயிரோடு இருந்திருந்தால் கட்சி மாறி உட்கார்ந்து, அவன் என்னுடையதற்கும் நான் அவனுடையதற்குமாக இன்னொரு வருடம் கத்தியிருப்போம். அவன் எனக்கு விட்டுப்போனது அந்தச் சண்டைதான். இப்போது இரண்டு பக்கத்தையும் நானே பேசவேண்டியிருக்கிறது.