பச்சையாக வந்த செவ்வரத்தம்பூ ஷாம்பு

இன்று காலை குளியலறைக்குள் இருந்து மகள் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தலை முழுக்க நுரை. கண்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய ஷாம்புப் போத்தலின் பின்பக்கத்தைப் படித்தேன். 'பி.எச். 5.5' என்றிருந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போய்ச் சேர நானும் ஃபரீனாவும் பட்ட பாடு அந்தப் போத்தலுக்கு எங்கே தெரியப்போகிறது!

ஃபரீனா கிண்ணியாக்காரி. என்னோடு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவள். அப்போது இருவருக்கும் வேலை இல்லை. எங்கள் பக்கத்து ஓர்ஸ் ஹில்லில் பெண்களுக்கான சலூன் வைத்திருந்த தேவி அக்கா, நாங்கள் ஷாம்பு செய்து கொடுத்தால் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் எங்களுக்கு ஒரு தொழில். பிடிக்காவிட்டால், இரண்டு வீட்டிலும் தயாராக இருந்த மாப்பிள்ளைப் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டு அடுப்படிக் குசினிதான் தொழிற்சாலை. கொழும்பிலிருந்து எடுப்பித்த நுரைப் பசையைக் கிணற்று நீரில் கரைத்தோம். கடலோரக் கிணறு, உவர்த் தண்ணீர், நுரை சோம்பியது. உடுப்புத் தோய்க்கும்போது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுபோல் சோடாத்தூளை அள்ளிப் போட்டோம். நுரை பொங்கி எழுந்தது. நிறத்துக்காகச் செவ்வரத்தம்பூச் சாறும் ஊற்றினோம்.

"என்ன புள்ள இது, பச்சயா வந்திரிக்கி?" என்றாள் ஃபரீனா.

"நல்லதுதானே. மூலிகை எண்டு சொல்லி விக்கலாம்."

அப்படிச் சொன்னது நான். புளிப்புக்கு எதிரான காரம் பட்டால் செவ்வரத்தம்பூச் சாறு பச்சையாகும் என்று பள்ளிக்கூடத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி அட்டவணை போட்டு, நிறம் தீட்டிப் பாராட்டு வாங்கியதும் நான்தான்.

தேவி அக்கா முதலில் தன் தலையிலேயே தேய்த்துப் பார்த்தார்.

"ஐயோ, கண்ணத் திறக்க ஏலாமக் கிடக்கு! என்ன கோதாரியக் கொண்டந்தனியள்?"

காய்ந்த பிறகு அவருடைய முடி தேங்காய்த் தும்பாக நின்றது. சீப்பு பாதியில் சிக்கியது. மறுநாள் போனோம். மண்டையைச் சொறிந்துகொண்டே, "இன்னும் ஒருக்காத்தான். அதுவும் எரிஞ்சால் இந்தப் பக்கம் தலை காட்டப்படாது" என்றார்.

வழி திறந்தது மத்தியானச் சாப்பாட்டில். சம்பலின் புளிப்புக்குத் தேசிக்காய் பிழிந்தபோது ஒரு துளி தெறித்துப் பக்கத்திலிருந்த ஷாம்புக் கோப்பைக்குள் விழுந்தது. சுர்ரென்று குமிழி கிளம்ப, பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு.

"சோடா!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

சோடாவின் காரம் முடியின் செதில்களைக் கிளப்பிவிடும். மெல்லிய புளிப்பு அவற்றைப் படிய வைக்கும். தலைத் தோலும் இயல்பில் கொஞ்சம் புளிப்புத்தான். அவ்வளவையும் படித்திருந்தோம். உற்சாகத்தில் தேசிக்காய்ச் சாற்றைச் சட்டிக்குள் கவிழ்த்தோம். நுரை சீறி வழிந்து அடுப்பை அணைத்து, கதவடி வரை போய்விட்டது. மிஞ்சியது கடுஞ்சிவப்பு. ஃபரீனா துணிந்து தன் தலையில் போட்டுப் பார்த்தாள்.

"அல்லாவே, கண்ணுக்குள்ள தேசிக்காயப் புழிஞ்ச மாதிரி இரிக்கிடி!"

கண்ணுக்குக் காரமும் ஆகாது, கடும் புளிப்பும் ஆகாது. தேசிக்காய்ச் சாற்றைத் துளித்துளியாகக் கூட்டி, பச்சையிலிருந்து சிவப்பு வரை சின்னக் கோப்பைகளை ஜன்னலடியில் வரிசையாக வைத்தேன். இடம் மாறினால் ஃபரீனாவுக்கு ஏச்சு. கடைசியில், வெளிறிய ரோசா நிறத்தில் நின்ற கலவையை ஆளுக்கொரு தடவை போட்டுப் பார்த்தோம். எரியவில்லை.

தேவி அக்கா சலூன் கதிரையில் சாய்ந்து கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். நான் தேய்த்தேன். ஃபரீனா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நுரை நெற்றியில் வழிந்தது. ஒரு கண் திறந்தது. பிறகு மற்றக் கண்ணும்.

"நுரைக்குள்ளால உங்கட ரெண்டு மூஞ்சியும் வடிவாத் தெரியுது பிள்ளையள். கலியாணச் சீசனுக்கு எத்தினை போத்தல் தரேலும்?"

நாங்கள் போட்ட கூச்சலில் தெருவில் போன ஓட்டோ ஒன்று நின்றுவிட்டது. மாப்பிள்ளைப் பேச்சுகளும் சில வருடங்களுக்கு நின்றன.

அந்தச் சலூன் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. எங்கள் ரோசா நிறப் போத்தலை இன்று யாரிடமும் தேடி எடுக்க முடியாது. கிணற்றடிகளில் பிள்ளைகளின் தலையைப் பிடித்துக்கொண்டு தாய்மார் போடும் "கண்ண இறுக்கி மூடு!" என்ற சத்தமும் போய்விட்டது. போனவற்றில் அது ஒன்றுக்கு மட்டும் நான் வருந்தவில்லை. ஓர்ஸ் ஹில்லில் அதை முதலில் நிறுத்தியவர்கள் நாங்கள்.

"என்னம்மா, தனியச் சிரிக்கிறியள்?" என்று நுரைக்குள்ளிருந்து மகள் என்னைப் பார்த்தாள்.