ஏழு யூனிட்டும் ஒரே நாளில் எம்.சி.

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு நகரத்தை எதிரியிடம் கொடுத்துவிட்டேன். காலை பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் நான் லைன் லீடராக இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவனுக்கு நாற்பத்தைந்து வயதில் யார் வேலை தருவார்கள்? அப்போதுதான் சூலியா தெருவில் ஒரு கடையின் மேல்மாடியில், கணினிப் போர் விளையாட்டு தயாரிக்கும் சின்ன நிறுவனத்தில் டெஸ்டர் வேலை கிடைத்தது. விளையாடிப் பார்த்துப் பிழை சொல்ல வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தர வேலைக்கான லெட்டர். அந்த மூன்று மாதமும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஆட்டத்தில் எனக்கு ஏழு யூனிட், அதாவது படைப்பிரிவு; ஒரு யூனிட்டுக்குப் பத்துப் பேர். சண்டையில் எண்ணிக்கை குறையும். யூனிட்டைப் பின்னால் டிப்போவுக்கு அனுப்பினால் ஆள் நிரப்பி, பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். இதற்கு ரீஃபிட் என்று பெயர். டிப்போ ஒன்றுதான். ஒரு டர்னுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு யூனிட்தான் உள்ளே போகலாம்.

எனக்கோ பத்து ஒன்பதானாலே மனசு கேட்காது. ஏழு யூனிட்டையும் அனுப்பிவிட்டேன். ஏழும் டிப்போ வாசலில் வரிசை பிடித்து நின்றன. எதிரி ஒரு குண்டுகூடச் சுடாமல் பாலத்தைக் கடந்து வந்து டிப்போவையும், அதோடு நகரத்தையும் பிடித்துக்கொண்டான்.

முதலாளி மாலினி திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன லா அண்ணே, அங்க சண்ட நடக்குது, ஏழு பேரும் ஒரே நாள்ல எம்.சி. சிக் லீவு எடுக்க கிளினிக் வாசல்ல நிக்கிறாங்க?"

புரோகிராமர் ஜமால் தலையைத் திருப்பாமலே சொன்னான்: "அண்ணன தளபதியா போட்டா எதிரிக்கு பெட்ரோல் செலவு மட்டுந்தான் மேடம்."

2. பாலத்து யூனிட்

அதிலிருந்து யாரையும் பின்னால் அனுப்பவே பயம். முன்னணியில் நிற்கும்போதே ஆள் நிரப்பவும் ஒரு பட்டன் உண்டு. பாலத்தில் ஒரு யூனிட்டை நிறுத்தி அதையே அழுத்திக்கொண்டிருந்தேன். டர்னுக்கு நான்கு பேர் சாவார்கள், நான்கு பேரை நிரப்புவேன். பத்து டர்ன் ஆகியும் பாலம் கைவிட்டுப் போகவில்லை. அனுபவத்துக்குத் தரும் மூன்று ஸ்டாரும் அப்படியே இருந்தன.

ஜெயித்தும் உறுத்தியது. நாற்பது பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். பழைய ஆள் ஒருத்தர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். அப்படியானால் ஸ்டார் யாருடையது? மாக் மண்டினில் பத்துப் பேர் லைனுக்கு நான்கு புது ஆள் வந்தாலே ஒரு வாரம் பழுதான பொருள் போடும் ரிஜெக்ட் பெட்டி நிரம்பி வழியும்.

ஜமால் படித்தவன். அவன் செய்ததை நான் தப்பென்று சொல்வதா? மூன்று நாள் ரிப்போர்ட்டில் எழுதி எழுதி அழித்தேன். மூன்று மாதக் கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் மாலினி கூப்பிட்டார்.

"உருப்படியா ஒரு பிழைகூட நீங்க காட்டல அண்ணே. எத வச்சு நா லெட்டர் குடுக்குறது?"

வேறு வழியில்லாமல், பாலத்தில் டிரெய்னிங் இல்லாத புது ஆளுக்கு மூன்று ஸ்டார் எப்படி வந்தது என்று கேட்டேன். ஜமால் சிரித்தான்.

"வெளாட்டுல வர்றவனுக்கு யாருண்ணே டிரெய்னிங் குடுப்பா?"

"அதான் தம்பி, யாருமே குடுக்கல. ஆனா மூணு ஸ்டார் மாட்டிக்கிட்டு நிக்கிறான்."

அவன் புரோகிராமைத் திறந்து பார்த்தான். பத்து நிமிடம் கழித்து மாலினி பக்கம் திரும்பினான்.

"ஆளு கணக்க மட்டும் ஏத்திருக்கேன் மேடம். அனுபவத்த கொறைக்கவே இல்ல."

மறுநாளே மாற்றினான். முன்னணியில் அவசரமாக நிரப்பினால் ஸ்டார் குறையும். டிப்போவுக்குப் போய் வந்தால் குறையாது, ஆனால் அதுவரை அந்த இடம் காலி. யாரை அனுப்புவது, யாரைத் தாங்கச் சொல்வது என்று யோசித்தே ஆக வேண்டும். ஆட்டமே அதுதான் ஆனது.

3. லெட்டர்

லெட்டர் வந்தது. நான்கு முறை படித்தேன், தேதி சரியா என்று.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணிக்கை நிரம்பினால் பலம் நிரம்பியதாக நினைக்காதீர்கள். அடிபட்ட எல்லோரையும் ஒன்றாக அனுப்பாதீர்கள்.

அடுத்த வாரம் எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல். மாலினி மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மொதல்ல யாரு அண்ணே எம்.சி.?"

"ஜமால் பத்துக்கு நாலுல இருக்கான் மேடம், அவன் போகட்டும். நீங்க அஞ்சு. நா இன்னும் ஏழுல இருக்கேன்."