மீன் கடைக்கு ஒரு பேட்டரி

ராயபுரத்தில் என் மனைவி ஸ்டெல்லா சாயங்காலம் மீன் வறுத்து விற்கிறாள். கரண்ட் போனால் வியாபாரமும் போச்சு. அதனால் பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, நல்ல செல்களாகப் பொறுக்கி, கடை விளக்குக்கு ஒரு பேட்டரி கட்டினேன். ஒவ்வொரு செல்லுக்கும் முடி மாதிரி மெல்லிய ஃபியூஸ் கம்பி வைக்கச் செய்முறை வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அரைமனதாக வைத்தேன். வீட்டில் ஃபியூஸ் போனால் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போடுகிற ஆள் நான். அப்புறம் அது போனதே இல்லை என்று பெருமை வேறு.

வீட்டில் வைத்தே விளக்கை மாட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பி பட்டென்று கருகி அறுந்தது. எரிச்சலோடு தடிமனான கம்பியைத் தேடினேன்.

“இன்னாய்யா தேடிகினு கீற?” என்றாள் ஸ்டெல்லா.

“ஃபியூஸ் பூட்ச்சு. முறுக்கிப் போட்டாதான் நிக்கும்.”

“லைட்டு எரிஞ்சிகினுதான கீது?”

நிமிர்ந்து பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. கம்பி அறுந்த செல்லைத் தொட்டேன், சுட்டது. கெட்டுப்போன அந்த ஒன்றைத் துண்டித்து, மற்றவற்றைக் கம்பி காப்பாற்றியிருந்தது. முறுக்கிப் போட்டுக் கடைக்குக் கொடுத்திருந்தால், அவளுடைய எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே தீப்பிடித்திருக்கும்.

செல்லை மாற்றி, நன்றாகச் சோதித்த பிறகே கடைக்குக் கொடுத்தேன். அன்றே ஸ்டூல் போட்டு ஏறி, வீட்டு ஃபியூஸ் கட்டையிலிருந்த முறுக்குக் கம்பியையும் பிடுங்கிவிட்டு ஒற்றை இழை போட்டேன்.

இப்போது எங்கள் வீட்டு ஃபியூஸ் அவ்வப்போது போகிறது. போகட்டும்.