அப்பாவின் பாலிசியும் என் வரியும்

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் திடீரென்று உயிர்மேல் அக்கறை வந்துவிடும். வருடம் முழுக்க இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கண்டால் ஓடி ஒளிந்தவர்கள், அவருக்கே போன் போட்டு வரச்சொல்வார்கள். பிரீமியம் கட்டிய ரசீதைக் காட்டினால் அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துவிட்டு வரி போடுவோம். காட்டாவிட்டால் சம்பளத்தில் கூடுதல் பிடித்தம். ரசீதுகளைச் சரிபார்க்கும் வேலை கணக்குப் பிரிவில் இருந்த என்னுடையது.

ஒருமுறை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஒருவர் மாமியார் பெயரில் கட்டிய ரசீதைக் கொண்டுவந்தார்.

"இது செல்லாதுங்க. தனக்கு, சம்சாரத்துக்கு, புள்ளைங்களுக்குக் கட்டினாத்தான் கழிப்பாங்க. அப்பா அம்மாவுக்குக் கட்டினாலே கணக்குல வராது, மாமியாருக்கு எங்கீங்க?" என்றேன்.

"எங்க அத்தை உசுருக்கு கவர்மெண்ட்ல மருவாதியே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த வாரமே அவிநாசியிலிருந்து அம்மா போன் செய்தாள். அப்பா அங்கே நாலு தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். ஆர்டர் இல்லாமல் மூன்று மிஷின் சும்மா கிடந்தது. அவருடைய பாலிசிக்கு இன்னும் மூன்று வருடப் பிரீமியம்தான் பாக்கி. கட்ட வழியில்லாமல் அதைக் கைவிடப் போகிறாராம். வயதான காலத்துக்கு அந்த ஒரு பணத்தைத்தான் இருவரும் நம்பியிருந்தார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் ஒருத்தி சம்பாதிப்பது எதற்கு?

ஆனால் கொடுத்தால் வாங்கமாட்டார். வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை என்கிற ஆள். கட்டிக்கொடுத்த பெண் காசில் கறி தின்பதா என்று, நான் வாங்கிப்போன அரைக்கிலோ கறிக்கே சண்டை போட்டவர். ஞாயிற்றுக்கிழமை போய் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, எனக்கு ரொம்ப வரி புடிக்கறாங்க. உங்க பாலிசிய நான் கட்டினா கொறையுமுங்க. கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க."

மாமியாருக்குச் செல்லாத சட்டம் அப்பாவுக்கு மட்டும் செல்லுமா என்ன? மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன கண்ணு, தாராளமாக் கட்டிக்கோ" என்று பெரிய உபகாரம் செய்கிற தோரணையில் பாலிசியை எடுத்துக் கொடுத்தார்.

அதன்பிறகு டீக்கடை, கல்யாண வீடு எங்கு போனாலும் தன்னால்தான் மகளுக்கு வரி குறைகிறது என்று ஒரே பெருமை. மார்ச் வந்தால், "இந்த வருசம் நல்லாக் கொறஞ்சுதா கண்ணு?" என்பார். "நல்லாவே கொறஞ்சுதுங்கப்பா" என்பேன். ஒரு பைசா குறைந்ததில்லை. எனக்கோ மனசெல்லாம் சந்தோஷம்.

பாலிசி முதிர்ந்து செக் வந்த அன்று நானும் போயிருந்தேன். இதில் எவ்வளவு வரி போகும் என்று அப்பா கேட்டார்.

"ஒண்ணும் போகாதுங்கப்பா. இந்தப் பணத்துக்கு வரியே கெடையாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதாச்சும் நெசமா கண்ணு?"

"ஏனுங்கப்பா அப்படிக் கேக்கறீங்க?" என்றேன். அப்பா பாலிசிக்குக் கட்டினால் மகளுக்கு வரி குறையாது என்பதை முதல் வருடமே ஒரு ஆடிட்டர் ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டாராம்.

"அப்பறம் ஏனுங்கப்பா எங்கிட்டச் சொல்லல?"

"தெரியும்னு சொல்லீட்டா, வேண்டாம்னும் சொல்லோணுமே. உங்கம்மாளுக்குன்னு நான் வேற எதுவும் சேத்து வெக்கலியே கண்ணு" என்றார்.