கவரைப்பேட்டையில் வலைப்பந்து

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி பேருந்தில் ஏறினால் இங்கே எல்லார் முகமும் தொங்கிப்போயிருக்கும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். இலங்கையில் என் சொந்த ஊரான மன்னாரில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். கும்மிடிப்பூண்டியில் பண்டிகை என்றால் ஆளாளுக்குப் போக ஓர் ஊர் இருக்கிறது. கடம்பத்தூருக்கோ ஆரம்பாக்கத்துக்கோ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பள்ளிப் பருவத்தில் அம்மாவோடு படகேறி வந்த எனக்கு அப்படி ஓர் ஊர் இல்லை. விடுமுறை முழுக்க அகதி முகாம் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக் கழிப்பேன்.

இந்தத் தை மாதம்தான் அது மாறியது. என்னோடு பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் எஸ்தர், சாப்பாட்டு இடைவேளையில் தூரத்திலிருந்த ஒருத்திக்குக் கொய்யாப்பழம் வீசினாள். அது திசைமாறிப் பறந்தது. நான் யோசிக்காமல் எம்பி, ஒற்றைக் கையால் பிடித்து, கால் தரையில் படுமுன்னே உரியவளிடம் எறிந்துவிட்டேன்.

“இன்னாக்கா, எங்க கத்துக்கின இத?” என்றாள் எஸ்தர்.

“பள்ளிக்கூடத்தில வலைப்பந்து விளையாடினனான்.”

“வலையா? மீன் புடிப்பியா நீ?”

சிரித்ததில் எனக்குப் புரையேறியது. பிறகு விளக்கினேன். பந்தைத் தட்டக் கூடாது, வைத்துக்கொண்டு ஓடவும் கூடாது. பிடித்ததும் கெதியாக, தாமதிக்காமல் எறிந்துவிட வேண்டும்; கம்பத்தின் உச்சியிலுள்ள வளையத்துக்குள் போட்டால் புள்ளி. அங்கே பெண்பிள்ளைகள் எல்லாரும் விளையாடுவோம். கடற்காற்று பந்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று பார்த்து எறிவோம். மாவட்ட அணிக்கு நான் தேர்வான அதே வாரம்தான் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். அதன்பின் பந்தைத் தொடவில்லை. குரலையும் அடக்கிக்கொண்டேன். வாயைத் திறந்தால் “சிலோனா?” என்பார்கள், அடுத்து பரிதாபப்படுவார்கள். அதற்குப் பயந்தே இத்தனை காலமும் அரை வார்த்தையில் பேசிப் பழகியிருந்தேன்.

எஸ்தர் விடவில்லை. “லீவு முடிஞ்சி ஒரே பேஜாரா கீதுக்கா. ஞாயித்துக்கெழம எங்க ஊட்டாண்ட வந்து சொல்லிக்குடு.”

கவரைப்பேட்டைக்குப் போனேன். வெல்டிங் வேலை செய்யும் அவள் கணவர், கம்பியை வளையமாக வளைத்து உயரமான குழாயில் பற்றவைத்து, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த வெற்று மனையில் நட்டுவைத்திருந்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எங்கள் பிரிவுப் பெண்களில் பாதிப்பேர் நின்றிருந்தார்கள். விளையாட்டு தொடங்கியதும் ஒருத்தி பந்தைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் அவளைத் துரத்தினார்கள். நான் மெதுவாகத் திருத்தினேன். ஒருத்தி காதிலும் விழவில்லை.

“சத்தமா சொல்லுக்கா, யாரு கடிக்கப் போறா?” என்றாள் எஸ்தர்.

கத்தினேன். அடிவயிற்றிலிருந்து, வந்த பேச்சில் கத்தினேன். யாரும் பரிதாபப்படவில்லை, சொன்ன இடத்துக்கு ஓடினார்கள், அவ்வளவுதான். பந்து கைமாறிக் கைமாறிப் போய், எஸ்தர் எறிந்தது வளையத்துக்குள் விழுந்தபோது தெருவே எட்டிப் பார்க்கும்படி கூவினோம். திங்கட்கிழமை பேருந்தில் ஒரு முகமும் தொங்கவில்லை. ஆரம்பாக்கத்துப் பெண்களும் ஓர் அணி சேர்க்கிறார்களாம். சித்திரைக்குள் அவர்களோடு மோத வேண்டும். படுத்தால்கூட யாரை எங்கே நிறுத்துவது என்றே மனம் ஓடுகிறது.

எஸ்தர் கைபேசியில் எடுத்த காட்சியை, மணமாகி மன்னாரிலேயே தங்கிவிட்ட என் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“என்னடி அதில கத்துறாய்? பாதி விளங்குது, பாதி விளங்கேல்லை.”

மறுபடி போட்டுக் கேட்டேன். புழுதிக்கு நடுவே என் குரல்தான்:

“இன்னாடி பாத்துக்கினு நிக்கிறாய், கெதியா எறியடி!”