சேதம் குறைவு

கார்கிலில் சண்டை நடந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பு. போடியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பெரியப்பாவின் ஏலக்காய்க் கடை இருந்தது. மலையிலிருந்து ஜீப்பில் வந்திறங்கும் காயைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பொறுக்குவார்கள். வெடித்தது, சுருங்கியது, வெளுத்தது எல்லாம் ஒரு பக்கம் போகும். அதற்குக் கழிவு என்று பெயர். அத்தையின் கைதான் எல்லோரையும்விட வேகம். அந்தச் சண்டை நாட்களில் மட்டும் அது தடுமாறியது. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, பட்டாளத்தில் இருந்தார். சண்டை நடக்கிற பக்கம் போயிருக்கிறார் என்று தெரியும், அதற்குமேல் தெரியாது. கடிதம் நின்றுபோயிருந்தது.

எனக்கோ சண்டை திருவிழா மாதிரி. அடுத்து எந்தச் சிகரம் பிடிபடும் என்று பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டுவோம்.

ஒரு காலையில் கடை டிவி, ஜெயித்துவிட்டோம் என்றது. எதிரிக்குப் பேரிழப்பு, நம் தரப்பில் சேதம் குறைவு. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பெரியப்பா ஜிலேபி வாங்கிவரச் சொன்னார். அத்தை மட்டும் எழுந்து நின்றாள்.

“குறைவுன்னா எத்தன பேருண்ணே?”

“அதெல்லாம் டிவியில சொல்லுவாகளா? நீ உக்காரு ஆத்தா.”

“இல்லண்ணே, எத்தன பேரு?”

பெரியப்பா நல்ல மனுஷர். தங்கச்சியைத் தேற்றத்தான் நினைத்தார். காலமெல்லாம் காயோடு புழங்கிய வாய்க்கு வேறு சொல் அகப்படவில்லை.

“எம்புட்டு நல்ல லோடா இருந்தாலும் கொஞ்சம் கழிவு போகத்தானே செய்யும்?”

அத்தை உட்கார்ந்தாள். ஒதுக்கி வைத்திருந்த கழிவை இரண்டு கையாலும் அள்ளி நல்ல காயின்மேல் கொட்டினாள். பக்கத்தில் இருந்தவளின் கழிவையும் இழுத்துக் கொட்டினாள்.

“அய்யோ அக்கா, விடிஞ்சதுலருந்து பொறுக்குனது!”

“கெடக்கட்டும்டி.”

பெரியப்பா அப்போதுதான் வந்த ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அத்தைமேல் எரிச்சலாக வந்தது. ஜெயித்த நாளும் அதுவுமாக இப்படியா செய்வாள்?

இப்போது என் மகன் பட்டாளத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எல்லையில் பதற்றம் என்று செய்தி ஓடும்போது யார் ஜெயிக்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. இறந்தவர்களின் பெயர்களைத்தான் பார்க்கிறேன். அவன் பெயர் இல்லை என்றதும் மூச்சு வருகிறது. யாருடைய பெயரோ இருக்கும்போது வந்த மூச்சு அது என்று உடனே கூசுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

அந்த வருஷம், ஜெயித்த செய்தி வந்து சில நாள் கழித்துக் கடைப் போன் அடித்தது. மாமாதான். அத்தை, “இருக்கீகளா? இருக்கீகளா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். வேறெதுவும் அவளுக்குக் கேட்க வரவில்லை. பொறுக்க முடியாமல் நான் ரிசீவரைப் பிடுங்கினேன்.

“மாமா, எப்பிடி ஜெயிச்சீக?”

கரகரவென்று இரைச்சல். லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

“அங்கிட்டுச் சாரல் அடிக்குதா தாயி?” என்றார் மாமா.

“அடிக்குது மாமா.”

“நனையாம இரு.”

அவ்வளவு தூரத்திலிருந்து மாமா நம்மூர்ச் சாரலை விசாரித்தார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.