ஸகியா புதைத்த பேத்தை மீன்கள்

ஏறாவூரில் பன்பாய் இழைத்துப் பிழைத்தவள் ஸகியா. 1937ஆம் ஆண்டு கையில் பாய்கள் இருந்தும் வாங்க ஆளில்லை. கணவன் மஜீட் நெல் அரிவி வெட்டுக் கூலிக்காக வவுணதீவு வயல் வட்டைக்குப் போயிருந்தான். வீட்டில் பிள்ளைகள் இரண்டு. சோறு வடித்தாயிற்று, கறிக்குத்தான் ஒன்றுமில்லை.

வாவிக்கரையில் வலை உதறும் மீனவர்கள் பேத்தை மீன்களை மணலில் வீசிவிடுவார்கள். வேகமாக நீந்த முடியாத மீன் அது. எதிரியைக் கண்டால் தண்ணீரை விழுங்கி, அதன் வாய்க்குள் அடங்காத அளவுக்குப் பந்தாய் உப்பிவிடும். அதையும் மீறித் தின்றால் உள்ளே நஞ்சு இருக்கிறது. குடலை எடுத்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி ஸகியா இரண்டைப் பொறுக்கிவந்தாள். கொழுத்த சினையை எறிய மனம் வரவில்லை. அதையும் சேர்த்துச் சமைத்து, முதலில் தானே தின்று பார்த்தாள்.

சற்று நேரத்தில் உதடு விறுவிறுத்தது, நாக்கு மரத்தது. குர்ஆன் ஓதப் போன பிள்ளைகள் பசியோடு வந்துவிடுவார்கள். அந்த நினைப்புதான் அவளை எழுப்பியது. கால்கள் துவண்டன. சட்டியை இழுத்துக்கொண்டு தவழ்ந்து, கொல்லையில் சாம்பல் கொட்டும் கிடங்குக் குழியில் கவிழ்த்துவிட்டு அங்கேயே விழுந்தாள்.

மஜீட்டின் தங்கை றஸீனா வந்து பார்த்தபோது ஸகியாவிடம் அசைவில்லை. அயலவர்கள் தூக்கி வந்து பாயில் கிடத்தினார்கள். மூச்சில்லை என்றார்கள். மஜீட் வந்ததும் அடக்கிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. வெக்கைக் காலத்தில் அதுவரை வைத்திருக்கலாகாது என்றார் ஒரு பெரியவர்.

அத்தனையும் ஸகியாவின் காதில் விழுந்தது. பிள்ளைகள் அழுவதும் கேட்டது. இமையைத் தூக்க முயன்றாள். முடியவில்லை. பேத்தையின் நஞ்சு நரம்பின் கட்டளை தசைக்குப் போகும் வழியை அடைத்துவிடும். மூளைக்குள் பெரிதாக நுழையாததால் நினைவு தெளிவாகவே இருக்கும். அடுப்புச் சூட்டில் அது அழியாது. மூச்சுத் தசைகள் முழுவதும் நின்றுபோகாமல் தாக்குப் பிடித்தால், உடல் மெல்ல மெல்ல நஞ்சை வெளியேற்றிவிடும். இதெல்லாம் அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சாம்பலைக் கிளறி மீன் துண்டைக் கொத்திய கோழியொன்று விழுந்து கிடப்பதை றஸீனா கண்டாள். ஓடிவந்து ஸகியாவின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

“மதினி மௌத்தாகல்ல. மீன் நஞ்சு ஏறியிரிக்கி. நெஞ்சு மெல்ல அடிக்கிது, உடம்பு இன்னும் சூடாத்தான் இரிக்கி. ஆரும் தூக்க வேணாம்.”

பெரியவர் கடிந்துகொண்டார். றஸீனா பாயருகே அமர்ந்தவள் அசையவில்லை. ஸகியாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வழிந்த எச்சிலைத் துடைத்து, காதருகே குனிந்தாள். “கேக்குதெண்டா சுண்டு விரல அசையுங்க மதினி.”

ஸகியா தன் உயிரையெல்லாம் அந்த விரலுக்கு அனுப்பினாள். விரல் கிடந்தபடியே கிடந்தது. றஸீனா திரும்பத் திரும்பக் கேட்டாள்; அவளும் திரும்பத் திரும்ப முயன்றாள். மஜீட் வந்து சேர்ந்த பின், பொழுது சாயும் வேளையில், விரல் துடித்தது. மறுநாள் தண்ணீர் கேட்டாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் ஸகியா மண்வெட்டியோடு வாவிக்கரைக்குப் போனாள். மீனவர்கள் வீசிய பேத்தைகளை எல்லாம் கிடங்கு வெட்டிப் புதைத்தாள். அடுத்த நாளும் போனாள். பேத்தை ஸகியா என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் கூடையில் பேத்தை வைத்திருந்த ஒரு பெண்ணைத் தடுத்தபோது, அப்படியென்றால் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்று அவள் கேட்டாள். ஸகியா வலைக்காரர் தங்கராசாவிடம் நேரே போனாள்.

“அண்ணே, இத வீசினா பசிச்சவங்க எடுக்கத்தான் செய்வாங்க. இல்லாதவங்களுக்கு ஒரு பிடி பொடிமீன் குடுங்க. பேத்தைய நான் புதைக்கிறன்.”

தங்கராசா உடனே ஒப்பவில்லை. கண்ட இடத்தில் எல்லாம் கேட்டாள். கடைசியில், “ஓம் தங்கச்சி, குடுக்கிறன்” என்றார். மற்ற வலைக்காரர்களும் ஒவ்வொருவராக இணங்கினார்கள்.

சொந்த நஞ்சு பேத்தையை ஏன் கொல்வதில்லை என்று அவளுக்கு எப்போதும் வியப்பு. அந்த மீனின் நரம்பு வாயில்கள் சற்றே வேறாக அமைந்திருப்பதால் நஞ்சு அங்கே பொருந்தாது. அதைச் சொல்ல அந்தக் கரையில் ஆளில்லை. அவளும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டிய கிடங்கு இருந்தது.